பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வரன்!

2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்ததும் ஆளாளுக்கு 'பக்' நாய் வாங்கினார்கள். ஆசை தீர்ந்ததும் சிலர் தெருவில் விட்டார்கள். 1960-ம் வருடச் சட்டப்படி, பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம், சார்!

ஆட்டோ ஹாரனுக்கே நடுங்கும் அப்படியொரு குட்டி ஜீவனைக் காப்பாற்றி, இப்போது நல்ல வீடு தேடுகிறீர்களா? பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி விசாரியுங்கள். 'ஸோ ஸ்வீட்!' என்று வாரித் தூக்குகிறவர் வேண்டாம். தரையில் உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று காத்திருக்கிறாரே... அவர்தான் மாப்பிள்ளை!

சத்தம் குறைந்த, வாண்டுப் பட்டாளம் இல்லாத வீடு உத்தமம். ரேபீஸ் ஊசி போட்ட சீட்டும், அது படுத்த பழைய துணியும் சீதனம். முதல் சில நாள் கட்டிலுக்கடியில் பதுங்கும். புது மருமகளுக்கே மூணு மாசம் ஆகிறதே!

முக்கியமாக, "ஒத்து வரலைன்னா எங்கிட்டயே கொண்டாந்துடுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். மறுபடி தெருவுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்!