புதிய ஊரில் நட்பு

புதிய ஊரில் நட்பு என்பது வேலை, திருமணம், ஓய்வு முதலிய காரணங்களால் இடம்பெயர்ந்த பெரியவர்கள், குடியேறிய இடத்தில் புதிய நண்பர்களைப் பெறுவதைக் குறிக்கும். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே முகங்களை நாள்தோறும் காண்பதால் நட்பு தானாக அமைகிறது. வளர்ந்த பின் அத்தகைய வாய்ப்பு குறைவதால், அதை முயன்று உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

தென்காசிப் பகுதியில்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தென்காசி, குற்றாலம் பகுதிக்குப் பலர் பணி நிமித்தம் வருகின்றனர். 2011-இல் அருகிலுள்ள மத்தளம்பாறையில் சோகோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சாரல் காலத்தில் அருவிக்கரையில் பெருங்கூட்டம் கூடும். ஆனால் அக்கூட்டம் ஓரிரு நாளில் கலைந்துவிடும். அங்கு ஏற்படுவது அறிமுகமே. நட்புக்குத் தொடர்ந்த பழக்கம் தேவை.

டி. கே. சி.யும் வட்டத்தொட்டியும்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). 1920களில் திருநெல்வேலியில் அவரது வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடித் தமிழ்க் கவிதையைச் சுவைத்த அமைப்பு 'வட்டத்தொட்டி' எனப்பட்டது. வாழ்வின் பிற்பகுதியில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். அங்கும் அவரது வீடு நண்பர்கள் கூடும் இடமாயிற்று. இராஜாஜி, கல்கி ஆகியோர் அவரது நண்பர்கள். நேரில் வர இயலாத நண்பர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவை பின்னர் நூலாக வெளிவந்தன. கூடுவதற்கு ஓர் இடம், பேசுவதற்கு ஒரு பொருள், விட்டுப்போகாத தொடர்பு ஆகிய மூன்றும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் ஊர் மாறிய பெரியவர்களிடம் அவர்களது புதிய பழக்கங்கள் குறித்துக் கேட்டறிந்தார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டும் என அவர் மதிப்பிட்டார். வேலையில் சேர்ந்திருக்கும் நேரத்தைவிட ஓய்வில் சேர்ந்திருக்கும் நேரமே நெருக்கத்தை வளர்க்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரத்தை எட்ட ஆறு மாதம் ஆகும். எனவே முதல் சில மாதங்களில் நண்பர் அமையாததை ஒருவர் தம் குறையாகக் கருத வேண்டியதில்லை.

இலக்கியப் பார்வை

நேரில் பாராமலே கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பைப் புறநானூறு காட்டுகிறது. அது அரிதானது என்பதாலேயே போற்றப்படுகிறது. 'நட்பு' அதிகாரத்தை அடுத்துத் திருக்குறள் 'நட்பாராய்தல்' அதிகாரத்தை வைத்து, ஆராயாமல் கொள்ளும் நட்பு கேடு தரும் என எச்சரிக்கிறது. தனிமையின் அவசரத்தில் நட்பைத் தேடுவோருக்கு இது பொருந்தும்.

நடைமுறை வழிகள்

நூலகம், இலக்கியக் கழகம், நடைப்பயிற்சி, விளையாட்டுத் திடல் என ஒன்றைத் தேர்ந்து, ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் தொடர்ந்து செல்வது பயன் தரும். பழகியவரை வீட்டுக்கு அழைப்பது அடுத்த படியாகும். பழைய நண்பர்களுடனான தொடர்பையும் விடாமல் பேணுவது நல்லது.