உடல் கிடைக்கவில்லை, பெயர் இருக்கிறது: உதைபந்தாட்ட வீரர் வோல்ட்டர் டல்

1918 மார்ச் 25. முதலாம் உலகப் போரின் கடைசி ஆண்டு. பிரான்ஸின் வடபகுதியில் ஜேர்மனியப் படைகள் முன்னேறிக்கொண்டிருந்தன. பின்வாங்கிய பிரித்தானியப் படையணியொன்றின் இரண்டாம் லெப்டினன்ட் வோல்ட்டர் டல் சூடுபட்டு விழுந்தார். அவரது உடலை மீட்க அவருடைய சிப்பாய்கள் முயன்றார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு மத்தியில் அது முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 29.

போருக்கு முன் அவர் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர். தந்தை பார்படோஸிலிருந்து வந்த தச்சர். தந்தையின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். தாய் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். 9 வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்த டல், சகோதரர் எட்வர்ட்டுடன் லண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பின்னர் எட்வர்ட்டை கிளாஸ்கோ குடும்பமொன்று தத்தெடுத்தது. வோல்ட்டர் இல்லத்திலேயே வளர்ந்தார்.

1909இல் டொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு பிரிஸ்டலில் நடந்த போட்டியில் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவரது நிறத்தைச் சொல்லி இழிவாகத் திட்டினார்கள். அதன் பின் முதல் அணியில் அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் குறைந்தன. 1911இல் நோர்த்தம்ப்டன் கழகத்துக்கு மாறி, அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் விளையாடினார்.

1914 டிசம்பரில், உதைபந்தாட்ட வீரர்களைத் திரட்டி அமைக்கப்பட்ட படையணியில் இணைந்தார். சொம் சமரிலும் பங்கேற்றார். ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகாரிகளாகலாம் என்பதே அன்றைய இராணுவ நடைமுறை. அதையும் மீறி 1917 மேயில் அவர் அதிகாரியாக்கப்பட்டார். இத்தாலியப் போர்முனையில் அவர் காட்டிய துணிவை மேலதிகாரி எழுத்தில் பாராட்டினார். வீரப் பதக்கத்துக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டதாக, அவர் இறந்தபின் சக அதிகாரியொருவர் எட்வர்ட்டுக்கு எழுதினார். அந்தப் பதக்கம் வழங்கப்படவேயில்லை.

இவரைப் பற்றி எழுத நான் தெரிவு செய்தது அவர் விளையாடிய ஆட்டங்களுக்காக மட்டுமல்ல. அவருக்குக் கல்லறை இல்லை. ஆனால் பிரான்ஸின் அராஸ் நினைவுச் சுவரில், உடல் கிடைக்காத ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களோடு அவருடைய பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது. நோர்த்தம்ப்டன் கழகம் தன் மைதானத்தருகே 1999இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது.

அராஸ் சுவரைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவே திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தையும் பராமரிக்கிறது. அங்கு புல் வெட்டப்படுகிறது, கற்கள் கழுவப்படுகின்றன. 2009இன் பின் இதே மண்ணில் துயிலும் இல்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் படங்களை ஏந்தி வீதியில் இருக்கிறார்கள். பலர் பதிலின்றியே இறந்துவிட்டார்கள்.

உடல் இல்லாத இடத்தில் ஒரு பெயர் என்ன செய்யும் என்பதை நம் வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை. அதை எழுதிவைக்க ஓர் இடமும், அங்கே போய் விளக்கேற்ற ஒரு தடையில்லாத நாளும்தான் கேட்கிறோம்.