போய்வரும் ஆய்வுக்கூடம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்தக் கோபுரத்தையே உள்ளே வைத்து மூடிவிடக்கூடிய ஒரு பலூன் நம் நாட்டில் பறந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

2005 ஏப்ரல் 20 அன்று ஐதராபாத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் தளத்திலிருந்து அது ஏவப்பட்டது. கொள்ளளவு 2 கோடியே 67 லட்சம் கன அடி. கோளமாகக் கொண்டு கணக்கிட்டால் விட்டம் ஏறத்தாழ 370 அடி! 459 கிலோகிராம் கருவிகளைச் சுமந்து, 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்று மாதிரிகளைத் திரட்டி வந்தது. திருச்சிக்கும் குளித்தலைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட இது அதிகம். அந்த மாதிரிகளில், அதுவரை அறியப்படாத மூன்று பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டன.

இவ்வளவு பெரிய பலூனை எப்படி ஊதுகிறார்கள்? முழுவதும் ஊதுவதில்லை, இங்குதான் சூட்சுமம் இருக்கிறது. தரையில் உச்சிப் பகுதியில் மட்டும் வாயுவை நிரப்புவார்கள். மற்ற பகுதி துவண்டு தொங்கும். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைய, உள்ளிருக்கும் வாயு விரிகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் அதன் பருமன் சுமார் 65 மடங்காகிவிடும். தரையிலேயே முழுவதும் நிரப்பினால் வழியிலேயே வெடித்துவிடும் அல்லவா?

நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தரையில் வெயில் கொளுத்தினாலும், 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரி செல்சியசை எட்டும். சாதாரண பிளாஸ்டிக் அங்கே அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே அக்குளிரைத் தாங்கும் மெல்லிய பாலிதீன் தாள் தேவைப்படுகிறது.

ராக்கெட்டில் சென்ற கருவி பழுதானால் கையால் தொட்டுச் சரிசெய்ய இயலாது. பலூனில் சென்ற கருவியோ திரும்பி வரும். 2015இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் உணர்கருவிக்கு, 2008இலேயே ஐதராபாத்தில் பலூன் மூலம் ஒத்திகை நடந்தது. 1 மீட்டர் விட்டமுள்ள அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்று பலமுறை பறந்தது. 1999 முதல் ஜப்பானிய நிறமாலைமானி ஒன்றையும் சுமந்து சென்றது.

மீட்பு எப்படி? வேலை முடிந்ததும் தரையிலிருந்து வானொலிக் கட்டளை செல்லும். கருவிகள் பலூனிலிருந்து பிரிந்து, பாராசூட்டில் இறங்கும். பலூனின் உறை கிழிந்து விழும். அது மறுபடி பயன்படாது. மீண்டும் பறப்பவை கருவிகள் மட்டுமே.

அவை விழுவது பெரும்பாலும் யாரோ ஓர் உழவரின் வயலில். அவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பல ஆண்டு உழைப்பு வீணாகலாம். தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினால் அக்கருவி மறுபடி விண்ணைத் தொடும். அறிவியலின் வெற்றி சில வேளைகளில் ஆய்வுக்கூடத்தில் அல்ல, அந்த வயல் வரப்பில்தான் உறுதியாகிறது.