பாராளுமன்றம் முட்டுக்கட்டையா?

அரசின் மசோதா நிறைவேறாதபோது, பாராளுமன்றம் முட்டுக்கட்டை போடுகிறது என்ற குற்றச்சாட்டு எழுவது வழக்கம். அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இரு மசோதாக்களைக் கொண்டு ஆராய்வோம்.

பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்புத் தகுதி வழங்கும் 64-வது திருத்த மசோதாவை 1989 ஆகஸ்டில் மக்களவை ஏற்றது. அக்டோபரில் மாநிலங்களவையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு கிட்டாமல் அது தோல்வியுற்றது. மாநிலங்களின் அதிகாரத்தில் மத்திய அரசு தலையிடுகிறது என்பது எதிர்த்தோரின் முக்கிய வாதம். 1991-ல் பெரும்பான்மையின்றி அமைந்த அரசு புதிய மசோதாவைக் கொணர்ந்தது. கூட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் பின், 1992 டிசம்பரில் இரு அவைகளும் அதனை நிறைவேற்றின. அதுவே 73-வது திருத்தம்.

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவின் வரலாறு வேறு. 1996-ல் மக்களவையில் அறிமுகமான அது, அவை கலைந்ததும் காலாவதியாயிற்று. மீண்டும் வந்தபோதும் அவ்வாறே ஆயிற்று. 2010-ல் மாநிலங்களவை ஏற்ற பின்னும் மக்களவையில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 2023-ல்தான் 106-வது திருத்தமாக நிறைவேறியது.

மறுக்கப்பட்ட மசோதா 3 ஆண்டுகளில் திருத்தம் பெற்று மீண்டது. விடை பெறாத மசோதா 27 ஆண்டுகள் காத்திருந்தது. மறுத்தல் பாராளுமன்றத்தின் உரிமை. அதற்காக அதனைப் பழித்தல் தகாது. விடை கூறாது காலம் கடத்துவதே குறை. அவையின் அலுவல்களை வகுப்பதில் முதலிடம் வகிக்கும் அரசுக்கும் அக்குறையில் பங்குண்டு.