எமர்சனின் குறியீடும் தோரோவின் அளவுநூலும்: அமெரிக்கக் கடந்தநிலைவாத இலக்கியத்தில் இயற்கை

ஆய்வுச் சுருக்கம்
அமெரிக்கக் கடந்தநிலைவாத இலக்கியத்தில் இயற்கை ஆன்மிக உண்மையின் குறியீடாகவே அமைந்தது என்பது பரவலான கருத்து. எமர்சனுக்குப் பெரிதும் பொருந்தும் இக்கருத்து, தோரோவின் எழுத்துகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடந்தநிலைவாதம், எமர்சன், தோரோ, வால்டன், குறியீடு, சூழலியல் திறனாய்வு

முன்னுரை
மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு என்னும் சிற்றூரில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் ரால்ப் வால்டோ எமர்சனும் (1803–1882) ஹென்றி டேவிட் தோரோவும் (1817–1862). தோரோ குடிலமைத்துத் தங்கிய வால்டன் ஏரிக்கரை நிலமே எமர்சனுக்கு உரிமையானது. இந்நெருக்கத்தால் இருவரையும் ஆசிரியர், மாணவர் என்னும் உறவில் வைத்து, ஒருவர் கூறியதை மற்றவர் வாழ்ந்து காட்டினார் எனக் கொள்வது வழக்கமாயிற்று. கற்பிப்பதற்கு எளிதான இவ்வாய்பாடு இருவரின் நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கையில் நிலைப்பதில்லை.

எமர்சன்: பொருளுக்கு அப்பால்
எமர்சன் 1832இல் பாஸ்டன் திருச்சபையின் போதகர் பணியைத் துறந்தார். முந்தைய ஆண்டில் அவருடைய இளம் மனைவி எல்லன் காசநோயால் இறந்திருந்தார். 1833இல் பாரிசு நகரின் தாவரவியல் பூங்காவில் வகைப்படுத்தி வைக்கப்பட்டிருந்த உயிரினங்களைக் கண்டபோது, அவற்றுக்கும் மனிதனுக்கும் இடையே மறைபொருளான ஓர் உறவு இருப்பதாக உணர்ந்தார். இவ்வுணர்வின் விளைவே 1836இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘இயற்கை’ என்னும் சிறுநூல்.

அந்நூலின் இயல் வரிசையே அதன் வாதம் எனலாம். பயன்பாட்டில் தொடங்கி அழகு, மொழி, ஒழுக்கப் பயிற்சி எனப் படிப்படியாக மேலேறிக் கருத்துமுதல்வாதத்தையும் ஆன்மாவையும் அது சென்றடைகிறது. ஒவ்வொரு படியிலும் பருப்பொருளின் கனம் குறைகிறது. மொழி பற்றிய இயலில், இயற்கைப் பொருள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் ஆன்மிக உண்மையின் அடையாளமாகிறது. காட்டில் நிற்பவன் தன்முனைப்பு அழிந்து எல்லாவற்றையும் காணும் கண்ணாக மாறுகிறான். அக்கண் எந்த மரத்தை, எந்தப் பறவையைக் கண்டது என்று நூல் கூறுவதில்லை. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. எமர்சன் எழுதியது மெய்யியல். ஆனால் ‘இயற்கை’ என்னும் தலைப்பைக் கொண்டு அதனைச் சூழலியல் நூலாகப் படிப்பது பொருந்தாது.

தோரோ: பொருளுக்குள்
தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் கரையில் குடியேறி, 1847 செப்டம்பர் 6 அன்று வெளியேறினார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரைச் சென்டும் விடாது பதிவு செய்த மனநிலையே ஏரியை நோக்கியபோதும் தொழிற்பட்டது. வால்டன் அடியற்றது என்று ஊரார் நம்பினர். 1846இன் தொடக்கத்தில் திசைகாட்டி, அளவுச் சங்கிலி, ஆழமறியும் நூல் ஆகியவற்றைக் கொண்டு அவர் ஏரியை அளந்தார். மிகுந்த ஆழம் 102 அடி எனக் கண்டார். குறியீட்டை நாடும் மனத்துக்கு அடியற்ற ஏரியே உகந்தது. தோரோவோ, ஏரிக்கு அடி உண்டு என்று நிறுவிய பின்னரே, ஆழமும் தூய்மையும் கொண்ட அந்நீரை மனிதனுக்குரிய குறியீடாக ஏற்கிறார். நீளக்கோடும் அகலக்கோடும் வெட்டும் இடத்தில் ஆழம் மிகுவதைக் கண்டு, அவ்விதியை மனித ஒழுக்கத்துக்கும் விரிக்கிறார். ஆகவே அவர் குறியீட்டைக் கைவிட்டார் என்பது மிகைக் கூற்று. அது மெய்ம்மைக்குக் கட்டுப்பட்டதாயிற்று என்பதே சரி.

1846–47 குளிர்காலத்தில் அவ்வேரியில் பனிக்கட்டி வெட்டப்பட்ட செய்தி இதனை மேலும் தெளிவாக்குகிறது. நியூ இங்கிலாந்தின் பனிக்கட்டி அக்காலத்தில் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ள ‘ஐஸ் ஹவுஸ்’ அவ்வணிகத்துக்காக எழுந்த கட்டடமே. சார்லஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்த பகவத்கீதையைப் படித்திருந்த தோரோ, சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் ஏரிநீரைப் பருகுவதாகவும், வால்டன் நீர் கங்கையுடன் கலப்பதாகவும் கற்பனை செய்கிறார். கீழை மெய்யியல் தாக்கத்துக்குச் சான்றாக ஆய்வாளர் விரும்பிக் காட்டும் பகுதி இது. ஆனால் அதே இயலில் தோரோ தரும் மற்றொரு செய்தி அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை. ஏறத்தாழ 10,000 டன் எனக் கணிக்கப்பட்ட அப்பனிக்குவியலில் ஒரு பகுதியே எடுத்துச் செல்லப்பட்டது. எஞ்சியது வெயிலில் கிடந்து 1848 செப்டம்பர் வரை மெல்ல உருகியது. பெரும்பகுதி நீரை ஏரியே மீட்டுக்கொண்டது. கங்கையைச் சேரும் உருவகமும் ஏரிக்கே திரும்பிய நீரின் கணக்கும் ஒரே இயலில் உடனிருக்கின்றன. முன்னதை மட்டும் மேற்கோள் காட்டுவது தோரோவை எமர்சனாக்கிவிடுகிறது.

கட்டாடின் மலையும் பிற்கால நாட்குறிப்பும்
வால்டனில் வாழ்ந்த காலத்திலேயே, 1846 செப்டம்பரில், தோரோ மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையேறினார். மேகமும் பாறையும் சூழ்ந்த அவ்விடத்தில் இயற்கை மனிதனுக்கு எதனையும் உணர்த்த முன்வரவில்லை. 1848இல் வெளிவந்த அப்பயணக் கட்டுரையில், தம் உடலையும் அது தொட்டு நிற்கும் மண்ணையுமே அவர் அந்நியமாக உணர்ந்து திகைக்கிறார். எமர்சனின் சிறுநூலில் இத்திகைப்புக்கு இடமில்லை.

1850களில் தோரோவின் நாட்குறிப்பு, பூக்கள் மலர்ந்த நாள், பறவைகள் வந்த நாள், நீர்மட்டம் எனப் பதிவேடாக மாறியது. 1860இல் மிடில்செக்ஸ் வேளாண் கழகத்தில் அவர் ஆற்றிய உரை, பைன் காடு வெட்டப்பட்ட இடத்தில் ஓக் முளைப்பது ஏன் என்பதை அணில்களும் காற்றும் விதை பரப்பும் முறையால் விளக்கியது. இப்பதிவுகளைக் கவித்துவம் வற்றியதன் அடையாளமாகக் கண்ட திறனாய்வாளர் பலர். லாரன்ஸ் பியூவெல் 1995இல் வெளியிட்ட சூழலியல் திறனாய்வு நூல் அம்மதிப்பீட்டை மாற்றப் பெரிதும் உதவியது. எமர்சனே தம் நண்பருக்கான இரங்கலுரையில், நாட்டுக்கே வழிகாட்டியிருக்கக்கூடியவர் பழம் பறிக்கும் குழுவுக்குத் தலைவராக அமைந்துவிட்டார் என்னும் பொருளில் வருந்தினார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அப்பதிவுகளைத் தம் களக் குறிப்புகளுடன் ஒப்பிட்டு 2008இல் ஆய்வு வெளியிட்டனர். தோரோவின் காலத்தைவிடக் கான்கார்டில் இப்போது பூக்கள் சராசரியாக ஏழு நாட்கள் முன்னதாக மலர்கின்றன. அவர் குறித்த தாவர இனங்களுள் கால் பங்குக்கு மேற்பட்டவை அவ்வூரில் இப்போது இல்லை.