மறைந்த நிறமும் தொலைந்த நிறமும்

கருமுதுகும் செம்மஞ்சட் கால்களும் கொண்ட இரு நாய்களுக்கு, ஓர் ஈற்றிலே, தூய வெள்ளைக் குட்டி ஒன்று பிறந்துவிடுகிறது. தாய் எங்கேயோ ஊர் நாயுடன் சேர்ந்திருக்க வேண்டுமென்று உரிமையாளர் ஐயுறுகிறார். ஐயம் பிழையானது. இலங்கையில் அல்சேஷன் என்று பலரும் அழைக்கும் ஜேர்மன் மேய்ப்பு நாயினத்தின் தொடக்கத்திலேயே அவ்வெண்மை இருந்தது.

மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899ஆம் ஆண்டில் இவ்வினத்துக்கெனச் சங்கம் அமைத்தார். அதன் பதிவேட்டில் முதலிடம் பெற்ற ஹொராண்ட் என்னும் நாய்க்குத் தாய்வழிப் பாட்டன் வெண்ணிறத்தது. ஆயினும் 1933இல் ஜேர்மன் விதிகள் வெள்ளையை விலக்கின. 1968இல் அமெரிக்கக் காட்சிக் களங்களும் அதற்குக் கதவடைத்தன. வெள்ளை கலந்தால் ஏனைய நிறங்கள் வெளிறிவிடும் என்ற அச்சமே இதற்குப் பெரிதும் காரணம். பிறந்தவுடன் கொல்லப்பட்ட குட்டிகளும் பல.

பிறப்புரிமையியல் கூறுவது வேறு. ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரை அலகுகள் குட்டிக்குக் கிடைக்கின்றன. வெண்மைக்குரிய அலகு பின்னிடைவானது. அது இரண்டாக வந்தாலன்றி வெளித்தோன்றாது. ஒன்றை மட்டும் தாங்கிய நாய் தன் நிறத்தைக் குறைவின்றியே காட்டும். அத்தகைய இரு நாய்கள் கூடினால், சராசரியாக நாலில் ஒரு குட்டி வெள்ளையாகும். மயிரிலே கருநிறப்பொருள் உண்டாகாமை மட்டுமே இங்கு நிகழ்வது. மூக்கும் கண்ணிமை ஓரமும் கருமையாகவே இருக்கும். ஆகவே இது நிறமே அற்ற நோய்ப்பிறவி அன்று. மற்றைய நிறங்களை மறைக்கும் ஒரு திரை என்று கொள்வதே பொருந்தும்.

கண்ணிற்பட்ட வெள்ளைகளை ஒதுக்கி அந்த அலகை ஒழிக்க முயல்வதும் வீண் முயற்சியே. நூறு குட்டிகளில் ஒன்று வெள்ளை என்று வைத்துக்கொள்வோமாயின், இனக்கலப்புத் தற்செயலாக நிகழுமிடத்து, ஏறத்தாழப் பதினெட்டுக் குட்டிகள் அதனை வெளிக்காட்டாமல் சுமந்திருக்கும். ஒன்றை அகற்றுவோர் பதினெட்டை வாசலால் உள்ளே விடுகின்றனர்.

ஓநாய்ச் சாம்பல் என்னும் பழைய மேய்ப்பு நிறத்தின் கதையோ இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு மயிரிலும் வெளிர்ப் பட்டையும் கரிய நுனியும் அமைவதால், அந்நாய் அசையுந்தோறும் அதன் நிறம் மாறுவது போலத் தோன்றும். இது கருமுதுகு நிறத்தை ஆளும் அலகு. ஆட்சியுள்ளதாதலால் அதற்கு அழிவில்லை என்று எண்ணுவோர் உளர். நிலைமை அதுவன்று, அந்த வலிமையே அதன் ஆபத்தாகும். ஒரே ஓர் அலகு இருந்தாலும் அது வெளியே தெரிந்துவிடும்; ஒளிந்து தப்ப இடமில்லை. கருமுதுகையே விரும்பும் நடுவர்களுக்காக வளர்க்கப்பட்ட கிளைகளில் சாம்பல் நிறம் வெகுவாக அருகியது. காவலுக்கும் மோப்பத்துக்கும் வளர்க்கப்பட்ட கிளைகளிலேயே அது இன்றும் செழிக்கிறது. கருமுதுகு நாய்கள் இரண்டைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தாலும் சாம்பல் குட்டி பிறவாது. தொலைத்தவர் வேறு கிளையிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும்.

அந்நிறத்தையும் மறைத்து வைக்கக்கூடிய நாய் ஒன்றுண்டு. அது ஒதுக்கப்பட்ட அதே வெள்ளை நாய்தான்! வெண்திரைக்குப் பின்னே சாம்பல் அலகு இருக்குமாயின், கருமுதுகு நாயொன்றுடன் சேரும்போது அது குட்டிகளில் வெளிப்படலாம். கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தெடுத்த சிறு மாதிரியைச் சோதித்தே இதனை இன்று அறிந்துகொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து சென்ற வெள்ளை நாய்களின் வழித்தோன்றல்களைச் சுவிற்சர்லாந்து 1991இல் தன் பதிவேட்டில் ஏற்றது. 2011இல் அவை தனி இனமாக உலக அளவில் முழு ஏற்புப் பெற்றன. வெள்ளைக்கு வாழ்வு கிடைத்தது. ஆனால் பழைய குடும்பத்தின் பதிவேட்டுக்குள் அது திரும்பவில்லை.