காசு தேடுவார்க்குக் கருவி எது?

இங்கிலாந்தின் கிழக்கே சபோக் என்னும் மாகாணத்தில் ஹொக்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. 1992ஆம் ஆண்டில் அவ்வூர் உழவர் ஒருவர் தமது வயலிலே ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித் தரும்படி எரிக் லோஸ் என்னும் நண்பரை வேண்டினார். லோஸ் தொழிலிலிருந்து இளைப்பாறியபோது பரிசாகப் பெற்ற உலோகங் காட்டுங் கருவி ஒன்றை வைத்திருந்தார். நவம்பர் மாதம் 16ஆம் திகதி அக்கருவியோடு வயலில் இறங்கிய அவருக்கு அகப்பட்டவை வெள்ளிக் கரண்டிகள், பொன்னணிகள், உரோமக் காசுகள். சிறிது தோண்டியதும் அவர் கையை நிறுத்திக்கொண்டார்; உரியவர்களுக்கு அறிவித்தார். மறுநாள் தொல்பொருளாய்வாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். 14,000க்கு மேற்பட்ட காசுகள் வெளிப்பட்டன. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அது பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது.

இதனைக் கேட்போர் பலரும் முதலில் வினவுவது, "அவர் வைத்திருந்தது எந்தக் கருவி?" என்பதே. இங்கிலாந்திற் குடியேறி வாழும் பழைய மாணாக்கர் ஒருவரும் இத்தகைய வினாவொன்றையே எமக்கு எழுதியுள்ளார். கறெற் நிறுவனத்தாரின் 'ஏஸ் 300ஐ', மைன்லாப் நிறுவனத்தாரின் 'ஈக்குவினொக்ஸ் 800' ஆகிய இரண்டனுள் எதனை வாங்கலாம் என்பது அவர் கேள்வி. முன்னது அமெரிக்க ஆக்கம். பின்னது 2018ல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆக்கம். விலையோ, வெளிவந்த காலத்தில், முன்னதைப் போல் இருமடங்கினும் அதிகமாயிருந்தது.

தமிழாசிரியனுக்கும் மின்கருவிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். ஆயினும் தெரிவு என்று வந்துவிட்டால் வள்ளுவர் வகுத்த வழி எக்காலத்துக்கும் உரியதன்றோ? வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து வைத்தார். அம்மூன்றையும் கொண்டே இதனையும் ஆராய்வோம்.

முதலிற் கருவியின் வலி. தண்டொன்றின் நுனியில் வட்டமான கம்பிச்சுருள் பொருத்தப்பட்டிருக்கும். அதில் மாறிமாறி ஓடும் மின்னோட்டம் நிலத்தினுள்ளே காந்தப்புலத்தைச் செலுத்தும். அப்புலம் காசிற் பட்டதும் காசினுள்ளே சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். அதனை வேறொரு சுருள் வாங்கி ஒலியாக மாற்றும். திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்துகின்றது என்பதைக் கொண்டு, கிடப்பது வெள்ளியோ, செம்போ, இரும்போ என்று கருவி மதிப்பிடும். 1881ல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாந்தர் கிரகம் பெல் கையாண்டதும் இத்தகைய தத்துவமே. அவர் முயற்சி பலிக்கவில்லை. 1942ல் எல் அலமீன் போரிலே, போலந்து நாட்டவரான யோசெப் கொசாக்கி ஆக்கிய கருவி கண்ணிவெடிகளைக் காட்டிக் கொடுத்தது. படைக்கலமாய் விளங்கியது பின்னர்ப் பொழுதுபோக்குக்கும் உரியதாயிற்று.

ஏஸ் 300ஐ ஒரே அதிர்வெண்ணில், அதாவது 8 கிலோஹேட்சில் இயங்குவது. தாழ்ந்த அதிர்வெண், தடித்த வெள்ளிக் காசுகளையும் செப்புக் காசுகளையும் நன்கு காட்டும். மெல்லிய சிறு காசுகளில் அது சோர்வடையும். இடைக்காலத்து ஆங்கிலேயர் சம்மட்டியால் அடித்து ஆக்கிய வெள்ளிப் பென்னி, விரல்நகம் போல் மெல்லியது. அத்தகையவற்றை உணர உயர்ந்த அதிர்வெண் வேண்டும். ஈக்குவினொக்ஸ் 800 பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்துவது. வேண்டின் 5 முதல் 40 கிலோஹேட்ஸ் வரையுள்ள ஐந்தனுள் ஒன்றைத் தனித்தும் தெரியலாம். மூன்று மீற்றர் ஆழ நீரிலும் அது பழுதுறாது. ஏஸ் கருவியின் சுருள் மாத்திரமே நீரை ஏற்கும்; மேலுள்ள பெட்டி ஏலாது.

இனி இடன். உள்நாட்டுப் புல்வெளியிலும் உழுத வயலிலும் தேடப் புகும் தொடக்கத்தார்க்கு ஏஸ் போதும். கடற்கரையோ வேறு. உப்புநீர் ஊறிய மணல் தானே மின்னைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி ஒன்றுமில்லாவிடத்தும் ஓலமிடும். பல அதிர்வெண் கருவி அங்கே நிலைகலங்காது. பழைய குடியிருப்பு நிலங்களில் இரும்பாணிகள் மலிந்திருக்கும். அங்கே பெரிய சுருள் ஆழஞ் செல்லுமேனும், ஆணியையும் காசையும் ஒருங்கே கண்டு மயங்கும். சிறிய சுருளே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

காலமும் நோக்கத் தக்கது. அறுவடை முடிந்து, அடுத்த விதைப்பு முளைக்குமுன் உள்ள சில வாரங்களே வயலிலே தேடுதற்கு ஏற்றவை. மழைக்குப் பின் ஈரம் ஊறிய மண்ணிற் காசின் ஒலி தெளிவாகக் கேட்டல் உண்டு.

வலியறிதலில் தன்வலியும் அடங்கும். கருவி காட்டும் எண்ணை மாத்திரம் நம்புவோன் ஏமாறுவான். குளிர்பானத் தகரத்தைத் திறக்கும் அலுமினிய வளையமும் சிறு பொற்காசும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுதல் கூடும். குப்பையென்று வளையத்தை ஒதுக்கும்படி கருவியைத் திருத்துவோன் பொன்னையும் ஒதுக்கியவனாவான். நூறு வளையங்களைத் தோண்டிச் சலியாதவனுக்கே நூற்றோராவது ஒலியின் நுட்பம் விளங்கும். செவியைப் பழக்காதவனுக்கு விலையுயர்ந்த கருவியாற் பயன் சிறிதே.

ஆகவே மாணாக்கர்க்கு யாம் எழுதிய விடை இது: வயலும் புல்வெளியுமே உமது களமாயின் விலை குறைந்ததை வாங்கி ஓராண்டு பழகுக, கடற்கரையும் உமது களமாயின் மற்றதை வாங்குக.

ஆயினும் விடை அவ்வளவில் முடிந்துவிடாது. எந்தக் கருவியும் காட்டாத ஒன்றுண்டு. அது தோண்டுங் கை நிற்கவேண்டிய இடம். 2010ல் சமசெற் மாகாணத்து ஃபுரூம் நகரின் அயலிலே டேவ் கிறிஸ்ப் என்பார் ஒரு பானையைக் கண்டார். அதனுள் 52,503 உரோமக் காசுகள் இருந்தன. பானையென்று உணர்ந்ததும் அவர் தோண்டுவதை விட்டு ஆய்வாளரை அழைத்தார். அவர்கள் காசுகளை அடுக்கடுக்காக எடுத்தனர். அவற்றுட் காலத்தாற் பிந்தியவை கரௌசியு மன்னன் வெளியிட்டவை. அவன் 286 முதல் 293 வரை பிரித்தானியாவை ஆண்டவன். சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பாயின் அவை மேலே கிடந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை பானையின் உள்ளாழத்திலே கிடந்தன. ஆகவே காசுகள் யாவும் ஒரே முறையில் இடப்பட்டன என்று அறிஞர் கண்டனர். கிறிஸ்ப் ஆவல் மிகுதியாற் பானையைக் கவிழ்த்திருந்தால், காசுகள் அத்தனையும் கிடைத்திருக்கும். இவ்வுண்மை மாத்திரம் என்றைக்கும் கிடைத்திராது.

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் இதனை நோக்கியதே. 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் இரண்டு ஒருங்கே அகப்படினும் 14 நாட்களுள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். நிலவுரிமையாளரின் இசைவின்றி வயலிற் கால் வைத்தலும் தகாது. நமது நாட்டிலோ 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் நாடி நிலத்தை அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆதலின் இதனை வாசித்துக் கருவி வாங்க விரையும் இளைஞர் சற்றே பொறுப்பாராக.

காசு பேசுவது தன் முகத்திலுள்ள எழுத்தால் மாத்திரமன்று. தான் கிடந்த மண்ணாலும், தன்னோடு கிடந்த ஓட்டாலும் பேசும். மண்ணிலிருந்து பிடுங்கியெடுத்த காசு, ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த ஓர் எழுத்தை ஒக்கும். எழுத்து கையில் இருக்கும், பாட்டு போய்விடும். லோஸும் கிறிஸ்ப்பும் பயன்படுத்திய கருவிகளைக் கடையில் வாங்கலாம். தக்க சமயத்தில் நின்ற அவர்களது கையை எக்கடையிலும் வாங்கல் இயலாது.